கணனிக்குள் வந்த மரக்குதிரை: உலாவிக் கடத்தலின் கதை



கடந்த மாத நேரடி நிகழ்ச்சியில் ஒரு ஐயா தொலைபேசியில் வந்து கேட்டார்: "தம்பி, நான் ஒரு இடத்துக்குப் போக எண்டு அமத்துறன், கொம்பியூட்டர் என்னை வேற எங்கையோ கொண்டு போகுது. நான் என்ன பிழை விட்டனான்?" செய்திக்கு நேரமாகிவிட்டதால் இரண்டு வரியில் பதில் சொல்லி முடித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது அவருடைய கேள்வியின் கடைசிப் பகுதி என்னை விடவில்லை. கணனிக்கு என்ன பிழை என்று அவர் கேட்கவில்லை. தான் என்ன பிழை விட்டேன் என்றே கேட்டார். அந்த ஐயாவுக்கும், அவரைப் போல மனதுக்குள் தங்களையே குற்றம் சொல்லிக்கொண்டு இருப்பவர்களுக்கும் இந்த மாத உரையை எழுதுகிறேன்.

நான் கணனித்துறையைச் சேர்ந்தவன் அல்ல. வர்த்தகம் படித்த ஒரு கணக்காளன். ஒரு மோசடி விளங்கவில்லை என்றால் காசு எந்தப் பக்கம் போகிறது என்று பார் என்பது எங்கள் தொழிலின் பழைய பாடம். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் இந்த உலாவிக் கடத்தலின் கதையும் ஓரளவு விளங்கும்.

பெயர் வந்த வழி

கிரேக்கர்கள் ட்ரோய் நகரத்தைப் பத்து வருடம் முற்றுகையிட்டும் பிடிக்க முடியாமல், பெரிய மரக்குதிரை ஒன்றைச் செய்து வாசலில் விட்டுவிட்டுப் போனதாகப் பாவனை செய்த கதையை நீங்கள் அறிவீர்கள். நகரத்து மக்களே அதை உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள். இரவில் குதிரையின் வயிற்றுக்குள் இருந்த வீரர்கள் இறங்கிக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானப்படைக்காகத் தயாரிக்கப்பட்ட கணனிப் பாதுகாப்பு அறிக்கைகளில் 'ட்ரோஜன் குதிரை' என்ற பெயர் இடம்பெறத் தொடங்கியது. பயனுள்ள ஒன்றாகத் தன்னைக் காட்டிக்கொண்டு, உள்ளே வேறு வேலை செய்யும் மென்பொருளுக்கு அந்தப் பெயர். வைரஸ் தானாகப் பிரதி எடுத்துப் பரவும். ட்ரோஜன் அப்படிப் பரவுவதில்லை. பெரும்பாலும் நாங்களே கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வருகிறோம்.

1989 இல் எயிட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று எழுதிய சுமார் 20,000 பிளொப்பி டிஸ்க்குகள் பல நாடுகளுக்குத் தபாலில் போயின. போட்டுப் பார்த்தவர்களின் கணனி, 90 தடவையளவில் இயக்கப்பட்ட பிறகு, கோப்புகளின் பெயர்களை மறைத்துவிட்டு, பனாமா நாட்டுத் தபால்பெட்டி ஒன்றுக்கு 189 டொலர் அனுப்பும்படி கேட்டது. நோயைப் பற்றி அறிய விரும்பிய ஆராய்ச்சியாளர்களும் அதில் அகப்பட்டார்கள். மனிதருக்கு அவசியமாக ஒன்று தேவைப்படும் இடம் பார்த்தே குதிரையை நிறுத்துவார்கள். இதை நினைவில் வைத்திருங்கள், பின்னால் திரும்பவும் வரும்.

இணையத்தின் விலாசப் புத்தகம்

கடத்தல் எப்படி நடக்கிறது என்று விளங்க வேண்டுமானால், இணையத்தில் விலாசம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். நாங்கள் ஒரு தளத்தின் பெயரை எழுத்தில் அடிக்கிறோம். கணனிகள் ஒன்றையொன்று எண்களால்தான் அடையாளம் காணும். எழுத்தைக் கொடுத்து எண்ணை வாங்க ஒரு விலாசப் புத்தகம் வேண்டும்.

தொடக்க காலத்தில் உண்மையிலேயே ஒரே ஒரு புத்தகம்தான் இருந்தது. கலிபோர்னியாவில் ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் பெயின்லர் என்ற அம்மையாரின் குழுவினர், வலையமைப்பில் இருந்த கணனிகளின் பெயர்களையும் எண்களையும் ஒரு கோப்பில் பேணி வந்தார்கள். மற்றவர்கள் அதைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டார்கள். கணனிகள் பெருகியதும் அது கட்டுப்படியாகவில்லை. 1983 இல் போல் மொக்கபெட்றிஸ் என்பவர் டி.என்.எஸ். என்ற முறையை வடிவமைத்தார். விலாசப் புத்தகம் ஒரே இடத்தில் இருக்காமல் உலகமெங்கும் பகிர்ந்து வைக்கப்பட்டது. உங்கள் கணனி ஒரு டி.என்.எஸ். சேவையகத்திடம் கேட்கும், அது விசாரித்து எண்ணைச் சொல்லும்.

பழைய முறையின் மிச்சம் ஒன்று இன்றும் உங்கள் வீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு விண்டோஸ் கணனியிலும் 'ஹோஸ்ட்ஸ்' என்று ஒரு சிறிய கோப்பு உண்டு. வழமையாக டி.என்.எஸ். ஐக் கேட்பதற்கு முன் கணனி இந்தக் கோப்பைத்தான் புரட்டிப் பார்க்கும். அதில் யாராவது ஒரு பொய் வரி எழுதிவிட்டால், நீங்கள் சரியான பெயரை அடித்தாலும் பிழையான வாசலில்தான் போய் நிற்பீர்கள்.

முகப்புப் பக்கத்துக்கு விலை வந்த காலம்

மைக்ரோசொவ்ற் நிறுவனம் 1996 இல் 'அக்ரிவ் எக்ஸ்' என்ற தொழில்நுட்பத்தை உலாவிக்குள் கொண்டுவந்தது. ஒரு தளம் சின்ன நிரல் ஒன்றை அனுப்பும், நீங்கள் 'ஆம்' என்று அழுத்தினால் அது உங்கள் கணனியில் இயங்கும். 1997 இல் வந்த இன்ரர்நெற் எக்ஸ்புளோரர் 4 உடன், வேறு நிறுவனங்கள் செய்யும் துணை நிரல்களை உலாவிக்குள் பொருத்துவதற்கும் வழி வந்தது. கெட்ட நோக்கத்தில் செய்யப்பட்டவை அல்ல இவை. கருவிப்பட்டைகள், கோப்பு வாசிப்பான்கள் என்று நல்ல பயன்பாடுகளும் இருந்தன. ஆனால் துணை நிரல் ஒன்று உள்ளே வந்துவிட்டால் நீங்கள் போகும் ஒவ்வொரு பக்கத்தையும் அது பார்க்கலாம், மாற்றலாம்.

அதே காலத்தில் இணைய விளம்பரம் வளர்ந்தது. ஒருவரை ஒரு தேடல் பக்கத்துக்கு அனுப்பினால் அனுப்பியவருக்குச் சிறிய தரகு கிடைத்தது. தரகு என்று வந்தவுடன் தரகர்களும் வந்துவிட்டார்கள். உங்கள் உலாவியைத் திறந்ததும் வரும் முகப்புப் பக்கத்துக்கு அன்றைக்குத்தான் சந்தையில் ஒரு விலை வந்தது.

2003 இல் பரவத் தொடங்கிய 'கூல் வெப் சேர்ச்' என்ற கூட்டம் இதில் பேர்பெற்றது. ஒரு தளத்தைப் பார்த்தாலே போதும், உலாவியில் இருந்த ஓட்டைகள் வழியாக உள்ளே வந்துவிடும். முகப்புப் பக்கத்தை மாற்றும், ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதும், தேடல்களைத் திருப்பும். ஒன்றை அழித்தால் அடுத்த வாரம் வேறு வடிவத்தில் வந்து நிற்கும்.

அதை எதிர்த்து முதலில் எழுந்தவர்களில் ஒருவர் நெதர்லாந்தைச் சேர்ந்த மெரின் பெல்லேகொம் என்ற மாணவர். 'சி.டபிள்யூ.ஷ்ரெடர்' என்ற அகற்றும் கருவியையும் 'ஹைஜாக்திஸ்' என்ற பரிசோதனைக் கருவியையும் எழுதி இலவசமாகக் கொடுத்தார். 2004 இல் என் கணனியும் இந்த வியாதியில் விழுந்தபோது நானும் ஹைஜாக்திஸ் ஐ ஓடவிட்டுப் பார்த்தேன். அது நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாது. உலாவியோடும், கணனி தொடங்கும்போதும் என்னென்ன ஓடுகின்றன என்று ஒரு பட்டியல் தரும், அவ்வளவுதான். வங்கிக் கூற்றை வைத்துக்கொண்டு காசேட்டில் ஒவ்வொரு வரியாகச் சரி போடுவதுபோல, பட்டியலில் எது நாங்கள் போட்டது, எது தானாக வந்து குந்தியது என்று பிரிக்க வேண்டும். அவசரப்பட்டு எல்லாவற்றையும் அழித்தால் கணனியே தொடங்காது. என் கணனியில் இரண்டு வரிகள் எனக்குத் தெரியாதவையாக இருந்தன. அவற்றைக் கண்டுபிடிக்க ஒரு சனி, ஞாயிறு முழுக்கப் போனது.

அதே 2004 ஒக்டோபரில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு, உளவு மென்பொருள் தொடர்பான தனது முதலாவது வழக்கைத் தாக்கல் செய்தது. குற்றச்சாட்டு இதுதான்: எதிராளிகள் மக்களின் உலாவியைக் கடத்தி, முகப்புப் பக்கத்தை மாற்றி, விளம்பரங்களைக் கொட்டி, கணனியின் சி.டி. தட்டைக்கூடத் தானாக வெளியே வரச் செய்தார்கள். 'தட்டு திறந்துவிட்டதா? உங்கள் கணனிக்கு ஆபத்து!' என்ற பாணியில் ஓர் அறிவித்தல் வரும். அதற்கு மருந்தாக சுமார் 30 டொலருக்கு ஒரு மென்பொருளை விற்றார்கள். நோயைப் பரப்பியவர்களிடமே மருந்தையும் வாங்க வைத்த வியாபாரம். 2006 இல் நீதிமன்றம் 40 இலட்சம் டொலருக்கு மேல் திருப்பிக் கட்டும்படி உத்தரவிட்டது.

2004 ஓகஸ்டில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இரண்டாவது திருத்தத் தொகுதி பல ஓட்டைகளை அடைத்தது. தானாகத் துள்ளி வரும் விளம்பரங்களைத் தடுக்கவும், துணை நிரல்களைப் பார்த்து நிறுத்தவும் அதில் வசதி வந்தது. வாசலை இறுக்கியதும் கள்ளர் வேறு வழி பார்த்தார்கள். இனி உலாவியைத் தொடாமல் விலாசப் புத்தகத்தையே மாற்றுவது என்பது அந்த வழி.

ஒரு கணனிக்கு மூன்றரை டொலர்

எஸ்தோனியா நாட்டின் தார்த்து நகரில் 'ரோவ் டிஜிற்றல்' என்ற கொம்பனி இருந்தது. அதன் தலைவர் விளாடிமிர் சாஸ்ட்சின். 2007 முதல் 2011 வரை அவருடைய கூட்டம் 'டி.என்.எஸ். சேஞ்சர்' என்ற ட்ரோஜனைப் பரப்பியது.

அது வந்த விதத்தைக் கவனியுங்கள். ஒரு தளத்தில் வீடியோ இருக்கும். அமத்தினால் படம் ஓடாது. 'இதைப் பார்க்க ஒரு கோடெக் வேண்டும், இங்கே தரவிறக்குங்கள்' என்று ஒரு பெட்டி வரும். தரவிறக்கி 'ஆம்' என்று கொடுத்தால் மரக்குதிரை உள்ளே வந்துவிடும். மக் கணனிக்கும் இதே வகையான ஒன்றை 2007 இல் விட்டார்கள். சில வடிவங்கள் வீட்டு ரவுட்டரின் கடவுச்சொல்லையும் ஊகித்துப் பார்த்தன. பெட்டியில் வந்த தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டவர்களின் வீட்டில் ரவுட்டரின் அமைப்பே மாறியது.

உள்ளே வந்த பிறகு அது செய்தது மிகச் சின்ன வேலை. உங்கள் கணனி எந்த டி.என்.எஸ். சேவையகத்திடம் விலாசம் கேட்க வேண்டும் என்ற எண்ணை மட்டும் மாற்றியது. அன்றிலிருந்து உங்கள் கணனி அந்தக் கூட்டத்தின் சேவையகத்திடம் வழி கேட்டது. பத்துத் தடவையில் ஒன்பது தடவை அது சரியான வழியைச் சொல்லும். அவர்களுக்கு வருமானம் வரும் இடத்தில் மட்டும் பொய் சொல்லும். அமெரிக்க வரித் திணைக்களத்தின் தளத்துக்குப் போக அழுத்தியவர்கள், தனியார் வரித் தயாரிப்பு நிறுவனம் ஒன்றின் தளத்தில் இறங்கினார்கள். ஐ-ரியூன்ஸ் கடைக்குப் போனவர்கள் அதோடு தொடர்பில்லாத வேறு கடைக்குப் போனார்கள். பத்திரிகைத் தளங்களில் இருந்த உண்மையான விளம்பரங்களின் இடத்தில் இவர்களுடைய விளம்பரங்கள் வந்தன. வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் தன்னைப் புதுப்பிக்கப் போனால் அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள்.

எங்களில் பலர் ஏஜென்சிக்காரரை நம்பி வெளிக்கிட்டவர்கள். ஒரு நாடு என்று சொல்லிக் காசு வாங்கி, இன்னொரு நாட்டு விமான நிலையத்தில் இறக்கிவிட்ட கதைகள் எங்கள் குடும்பங்களில் இருக்கின்றன. இறங்கிய இடம் பிழை என்பதை அறியக்கூட அங்கத்தைய மொழி தெரிய வேண்டியிருந்தது. இந்தக் கடத்தலும் ஏறக்குறைய அப்படித்தான்.

இனிக் கணக்குக்கு வருவோம். அமெரிக்க அதிகாரிகளின் மதிப்பீட்டின்படி 100 க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 இலட்சம் கணனிகள் பாதிக்கப்பட்டன. அந்தக் கூட்டம் குறைந்தது 1 கோடி 40 இலட்சம் டொலர் சம்பாதித்தது. ஒன்றை மற்றதால் பிரித்துப் பாருங்கள். ஒரு கணனிக்கு மூன்றரை டொலர், அதுவும் நான்கு வருடத்துக்கு மேல். நான் பார்த்த கள்ளக் கணக்குகளில் நீண்ட காலம் பிடிபடாதவை எல்லாம் இப்படித்தான் இருந்தன. பெரிய தொகையை எடுத்தவன் அந்த வருடமே அகப்படுவான். சில்லறையில் எடுப்பவனைத் தேடி ஒருவரும் போவதில்லை. இழந்தவருக்கே இழந்தது தெரியாது.

2011 நவம்பர் 8 ஆம் திகதி எஸ்தோனியாவில் ஆறு பேர் கைதுசெய்யப்பட்டார்கள். நியூயோர்க்கிலும் சிக்காகோவிலும் இருந்த அவர்களுடைய சேவையகங்கள் கைப்பற்றப்பட்டன. இங்கேதான் விசாரணையாளர்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. அந்தச் சேவையகங்களை உடனே நிறுத்தினால் அவற்றிடம் வழி கேட்டுக்கொண்டிருந்த இலட்சக்கணக்கான கணனிகள் ஒரே நேரத்தில் இணையத்தை இழக்கும். ஆகவே நீதிமன்ற உத்தரவோடு, இன்ரர்நெற் சிஸ்ரம்ஸ் கொன்சோட்டியம் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு அந்த இடத்தில் நேர்மையான சேவையகங்களை நடத்தியது. முதலில் 2012 மார்ச் 8 வரை என்றார்கள். திருத்தாத கணனிகள் இன்னும் அதிகம் என்று தெரிந்ததும் யூலை 9 வரை நீடித்தார்கள். அவுஸ்திரேலியாவிலும் தொடர்பாடல், ஊடக அதிகாரசபை, உங்கள் கணனி பாதிக்கப்பட்டதா என்று பார்க்க ஒரு பக்கத்தைத் திறந்திருந்தது. அறிவித்தல் எல்லாம் ஆங்கிலத்தில் வந்தது. எங்கள் வானொலியிலும் நாங்கள் அதைச் சொல்லவில்லை. இந்தக் குறையை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒரு மாமியின் கணனி

2012 யூலை 9 ஒரு திங்கட்கிழமை. மெல்பேர்ண் நேரப்படி பிற்பகல் இரண்டு மணி கடந்ததும் அந்தச் சேவையகங்கள் நின்றன. யூலை எங்கள் தொழிலில் வரிக் காலம், தலை நிமிர நேரமில்லை. அடுத்த நாள், நெடுங்காலமாக எனக்குத் தெரிந்த ஒரு மாமி எடுத்தார். "தம்பி, இன்ரநெற் செத்துப்போச்சு. பில்லும் கட்டிட்டன். கொம்பனிக்காரன் தங்கடை பக்கம் சரியாம் எண்டுறான். தங்கச்சியோட ஸ்கைப்பிலை கதைக்கேலாமல் கிடக்கு."

மாமி தனியாக இருப்பவர். தங்கை கிளிநொச்சியில். கிழமைக்கு இரண்டு தடவை திரையில் முகம் பார்த்துக் கதைப்பதுதான் அவருக்கு இருந்த ஆறுதல். அன்று பின்னேரம் போய்ப் பார்த்தேன். டி.என்.எஸ். அமைப்பில் 85.255 என்று தொடங்கும் ஓர் எண் இருந்தது. செய்திகளில் வந்த பட்டியலில் இருந்த எண்தான். அதைத் தானியங்கி நிலைக்கு மாற்றியதும் இணையம் வந்துவிட்டது. பிறகு என் மருமகன் கணனியை முழுமையாகச் சுத்தம் செய்து விண்டோஸைத் திரும்பப் போட்டுக்கொடுத்தார்.

இது எப்போது வந்தது மாமி என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். 2009 இன் முதல் மாதங்களை நேயர்களுக்கு நான் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. நாங்கள் எல்லோரும் இரவிரவாகக் கணனிக்கு முன்னால் இருந்தோம். தங்கை குடும்பம் அப்போது வன்னிக்குள். யார் எந்த வீடியோ இணைப்பை அனுப்பினாலும் மாமி திறந்து பார்த்தார், தெரிந்த முகம் ஏதும் வருமா என்று. "ஏதோ போடச் சொல்லிக் கேட்டுது, போட்டனான்" என்றார். அந்த இரவுகளில்தான் வந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகுதான் தேடல்கள் திசைமாறத் தொடங்கியதாக அவர் சொன்னார். எயிட்ஸ் பற்றி அறிய விரும்பியவர்களுக்குத் தபாலில் போன அந்தப் பிளொப்பி டிஸ்க் எனக்கு நினைவுக்கு வந்தது.

"அப்ப ஏன் மாமி ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"எனக்கு இங்கிலீசு வடிவா விளங்காது. நான்தான் பிழையா அமத்திறன் எண்டு நினைச்சன். பிள்ளையளிட்டைச் சொன்னா, உங்களுக்கு ஏன் இந்த வேலை எண்டுங்கள். பிறகு போன வருசக் கடைசியிலை அது தன்ரை பாட்டிலை சரியாப்போச்சு."

தன் பாட்டில் சரியாகவில்லை. 2011 நவம்பரில் கள்ளச் சேவையகங்கள் போய் நேர்மையான சேவையகங்கள் வந்ததால், திசைமாற்றம் நின்றது. நியூயோர்க்கில் ஒரு நீதிமன்றம் கொடுத்த உத்தரவின் புண்ணியத்தில் எட்டு மாதம் மாமியின் கணனி ஓடியிருக்கிறது. ட்ரோஜன் மாற்றிய எண் மட்டும் அப்படியே இருந்தது. உத்தரவின் காலம் முடிந்தபோது அவர் அறையிலும் இணையம் நின்றது.

அவருடைய கணனியால் அந்தக் கூட்டத்துக்கு மூன்றரை டொலர் கிடைத்திருக்கும். அவரோ மூன்று வருடத்துக்குக் கிட்ட, தான் படிக்காதவள், தனக்கு இது சரிவராது என்று நினைத்துக்கொண்டு இருந்தார். ஒரு பக்கம் பார்க்க எழுந்த ஆசையை எத்தனை தடவை விட்டிருப்பார். அந்த இழப்பை எந்தப் பேரேட்டில் பதிவது என்று எனக்குத் தெரியவில்லை.

சாஸ்ட்சின் பின்னர் அமெரிக்காவுக்கு நாடுகடத்தப்பட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2016 ஏப்ரலில் 87 மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

இன்றைய குதிரைகள்

இன்ரர்நெற் எக்ஸ்புளோரரை 2022 யூன் மாதத்தில் மைக்ரோசொவ்ற் ஓய்வுபெறச் செய்துவிட்டது. கோடெக் பெட்டிகளும் அருகிவிட்டன. குதிரையின் நிறம் மாறியிருக்கிறது, வரும் வழி அதேதான்.

ஒன்று, இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வருவது. நிறுவும்போது 'அடுத்து, அடுத்து' என்று அமத்திக்கொண்டு போனால், இடையில் ஏற்கெனவே சரி போட்ட ஒரு பெட்டியில் தேடுபொறியை மாற்ற நீங்கள் சம்மதம் கொடுத்திருப்பீர்கள்.

இரண்டு, உலாவி நீட்சிகள். நல்ல நீட்சி என்று போட்டதே பின்னர் கை மாறலாம். குரோம் உலாவியில் பல இலட்சம் பேர் பாவித்த 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்ற நீட்சி 2020 இல் வேறு ஆட்களுக்கு விற்கப்பட்டது. பிறகு அதில் தீய நிரல் இருப்பதாகச் சொல்லி கூகிள் 2021 பெப்ரவரியில் அதை நிறுத்தியது. பாவித்தவர்கள் புதிதாக ஒன்றையும் அமத்தவில்லை.

மூன்று, அறிவித்தல் அனுமதி. 'நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அனுமதி என்பதை அமத்துங்கள்' என்று சில தளங்கள் கேட்கும். அமத்தினால் திரையின் மூலையில் இரவு பகலாகப் பொய் எச்சரிக்கைகள் வரும். அவற்றில் சில, ஒரு தொலைபேசி எண்ணுக்கு எடுக்கச் சொல்லும். எடுத்தால், மைக்ரோசொவ்ற் ஆள் என்று சொல்லி ஒருவர் கணனியைத் தூரத்தில் இருந்து கையாளக் கேட்பார். மூன்றரை டொலரோடு நிற்கும் கூட்டம் இது அல்ல. வங்கிக் கணக்கையே துடைத்துவிடும். மைக்ரோசொவ்றின் உண்மையான எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது.

அகற்றும் முறை

இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கணனி மேசையில் வைத்திருங்கள். ஒழுங்கு முக்கியம்.

1. சந்தேகம் வந்தவுடன் அந்தக் கணனியில் வங்கி, வரி, மின்னஞ்சல் எதற்குள்ளும் போகாதீர்கள். திரையை முழுதாக மூடிக்கொண்டு எச்சரிக்கை நின்றால், அதில் உள்ள எதையும் அமத்தாமல் உலாவியை நிறுத்துங்கள். முடியாவிட்டால் மின்விசையை அமத்திப் பிடித்துக் கணனியையே நிறுத்துங்கள்.

2. விண்டோஸ் அமைப்புகளில் நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலைத் திறந்து திகதி வாரியாக அடுக்குங்கள். தொல்லை தொடங்கிய நாளை ஒட்டி வந்த, உங்களுக்குத் தெரியாதவற்றை நீக்குங்கள். ஒன்று என்னவென்று தெரியாவிட்டால் முதலில் விசாரியுங்கள்.

3. உலாவியில் நீட்சிகளின் பட்டியலைத் திறந்து தேவையற்றதை நீக்குங்கள். தேடுபொறி, முகப்புப் பக்கம், அறிவித்தல் அனுமதி மூன்றையும் பாருங்கள். பிறகு உலாவியின் அமைப்புகளை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவரும் வசதியைப் பாவியுங்கள். சேமித்த புத்தகக்குறிகள் போகாது.

4. விண்டோஸோடு வரும் டிபெண்டரில் முழுப் பரிசோதனை செய்யுங்கள். அதிலேயே 'ஒவ்லைன் ஸ்கான்' என்று ஒன்று உண்டு. விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே தேடுவதால், ஒளிந்திருப்பவை அதில் அகப்பட வாய்ப்பு அதிகம். மல்வெயர்பைற்ஸ் நிறுவனத்தின் 'அட்வ்கிளீனர்' இலவசமானது. இதைத் தயாரித்தவரின் தளத்தில் இருந்து மட்டும் எடுங்கள். தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்பை அமத்தாதீர்கள். மருந்தின் பெயரிலேயே நோய் விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

5. இவ்வளவு செய்தும் திசைமாறினால், வலையமைப்பு அமைப்பில் டி.என்.எஸ். எண்ணையும் புரொக்ஸி அமைப்பையும் பாருங்கள். நீங்கள் போடாத எண் இருந்தால் தானியங்கிக்கு மாற்றுங்கள். வீட்டில் உள்ள கைத்தொலைபேசிகளும் திசைமாறினால் குற்றவாளி ரவுட்டராக இருக்கலாம். அதைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டு, புதிய நிர்வாகக் கடவுச்சொல் வையுங்கள். உங்கள் இணைப்பு விபரங்களை முதலே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

6. கடவுச்சொற்களை வேறொரு சுத்தமான கருவியில் இருந்து மாற்றுங்கள். மின்னஞ்சலை முதலில், வங்கியை அடுத்ததாக. யாருக்காவது அட்டை எண் கொடுத்திருந்தால் அந்த மணித்தியாலமே வங்கிக்கு எடுங்கள்.

7. ஒன்றுக்கும் மசியாவிட்டால் படங்களையும் ஆவணங்களையும் பிரதி எடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதே நல்லது. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டதையும் கவனத்தில் எடுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை, இது பிள்ளைகளுக்கு. உங்கள் அம்மா, அப்பா, மாமி, சித்தப்பா கணனியைப் பற்றி ஏதாவது கேட்டால், 'ஏன் அமத்தினீங்கள்' என்று தொடங்காதீர்கள். நாசா விண்வெளி நிறுவனத்தின் கணனிகளையும் பாதித்த ட்ரோஜன் மாமியின் வீட்டுக்கும் வந்தது. படித்தவர், படிக்காதவர் என்று அது பார்க்கவில்லை. திட்டு விழும் என்ற பயத்தில் ஒளித்து வைக்கும் ஒவ்வொரு மாதமும் கள்ளனுக்குத்தான் இலாபம்.

நிகழ்ச்சியில் கேட்ட ஐயாவுக்கு என் பதில் இதுதான்: நீங்கள் பிழை ஒன்றும் விடவில்லை ஐயா. வழிகாட்டிப் பலகையை யாரோ திருப்பி வைத்திருக்கிறார்கள். அதை நேராக்கலாம். கேட்டதற்கு நன்றி. அடுத்த சனிக்கிழமை நிலையத்துக்கு மடிக்கணனியைக் கொண்டுவாருங்கள், இருவருமாக இருந்து பார்ப்போம்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம். வணக்கம்.